63 நாட் அவுட்: ஆட்டம் பாதியில் நின்றுபோகும்போது

2014 நவம்பர் 25ஆம் தேதி சிட்னி மைதானத்தில் நடந்த ஷெஃபீல்ட் ஷீல்ட் (ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு கிரிக்கெட் தொடர்) ஆட்டத்தின் ஸ்கோர்கார்டில், ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் பெயருக்கு எதிரே முதலில் "63, ரிட்டயர்டு ஹர்ட்" என்றுதான் இருந்தது. பவுன்சர் ஒன்று ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தின் இடது பக்கத்தில் பட்டது. இரண்டொரு நொடி முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். அப்படியே முகம் குப்புற விழுந்தார். நினைவு திரும்பவேயில்லை. 27ஆம் தேதி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. 26ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள்தான் பாக்கி இருந்தது. அதன்பிறகு கிரிக்கெட் ஆஸ்திரேலியா அந்த ஸ்கோர்கார்டில் ஒரு திருத்தம் செய்தது: "63, நாட் அவுட்."

கணக்குப்படி பார்த்தால் இதனால் எதுவும் மாறவில்லை. காயத்தால் வெளியேறியவரும் ஆட்டமிழக்காதவர்தான். சராசரி ஒரு புள்ளிகூட ஏறாது, இறங்காது. ஆனாலும் அந்த இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு உலகமெங்கும் கிரிக்கெட் பார்ப்பவர்கள் கலங்கினார்கள். நானும் கலங்கினேன். ஹியூஸ் எனக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரர் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருடைய கட் ஷாட் பிடிக்கும். அவ்வளவுதான். இருந்தும் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அவன் என்ன உனக்கு அண்ணனா தம்பியா? எதுக்கு இப்படி உக்காந்திருக்க?"

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. தன் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்க்காத, கை குலுக்காத ஒருவரின் சாவு ஏன் இப்படி நெஞ்சை அடைக்கிறது? இது வெறும் மிகையா, கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்து அழுவதா, இல்லை உண்மையான இழப்பா?

இதில் ஒரு பகுதிக்கு ஆய்வாளர்கள் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினமும் வருகிறவர்களோடு பார்வையாளர்களுக்கு உண்டாகும் நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். ஒருவழி உறவு அது. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் நிஜமான பழக்கம். முகம், நடை, கோபம் வந்தால் உதட்டைக் கடிக்கும் விதம், எல்லாம் நெருங்கிய நண்பரைப் போல நமக்கு அத்துபடி. உறவு ஒருவழி என்பதால் இழப்பு பாதியாகிவிடுவதில்லை. அழுவதும் ஒருவழிதானே, இறந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நம் அழுகை கேட்கப்போவதில்லை.

விளையாட்டு வீரர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நடிகரை நாம் பெரும்பாலும் இன்னொருவராகத்தான் பார்க்கிறோம். எழுதப்பட்ட வசனம், திரும்பத் திரும்ப எடுத்த காட்சி. வீரர் அப்படியில்லை. அவர் பதறுவதை, தவறவிடுவதை, தோற்றுத் தலை குனிவதை, அடுத்த வாரமே எழுந்து வருவதை, எந்த ஒத்திகையும் இல்லாமல் அந்தந்த நொடியில் அவரோடு சேர்ந்து பார்த்திருக்கிறோம். முடிவு என்ன என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அது சாதாரணப் பழக்கமா?

போதாததற்கு, வருடங்களை நாம் எண்ணுவதே அவர்களை வைத்துத்தான். எந்தத் தேர்வுக்குப் படித்த சமயத்தில் எந்தத் தொடர் நடந்தது, அப்பா உயிரோடிருந்தபோது கடைசியாகச் சேர்ந்து பார்த்த இறுதிப் போட்டி எது, முதல் சம்பளம் வாங்கிய மாதம் யார் சதம் அடித்தார். வீரர் ஒருவர் திடீரென்று போய்விட்டால் அந்த நாட்களும் கூடவே கிளம்பிப் போவதுபோல இருக்கிறது. சிலர் அழும்போது அவருக்காகத்தான் அழுகிறார்களா, பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்த வேறொருவருக்காக அழுகிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டுக்காகவும்தான்.

இதற்கு விடுப்பு கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வரப்போவதில்லை. ஊர் ஏற்றுக்கொள்ளாத துயரத்தை அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று 1989இல் கென்னத் டோகா என்ற ஆய்வாளர் வகைப்படுத்தினார். வெளியே சொல்ல முடியாததாலேயே இப்படிப்பட்ட துயரம் கூடுதலாக அழுத்தும் என்பது அவர் வாதம். "அண்ணனா தம்பியா" என்ற கேள்வி செய்வது அதைத்தான்.

திடீர் மரணம் என்பது தனி வகை. நீண்ட நாள் நோயில் கிடந்து போகிறவருக்கு மனம் கொஞ்சம் கொஞ்சமாக விடை கொடுத்துப் பழகிவிடுகிறது. திடீரென்று போகிறவரிடம் அதற்கு இடமே இல்லை. வீரர் என்றால் அதிர்ச்சி இரட்டிப்பு, ஏனென்றால் அந்த உடம்பு சாகாது என்று நாம் நம்பியிருந்தோம். ஓடுவதற்கும் தாவுவதற்குமென்றே வார்த்த உடம்பு; நம் எல்லோருக்கும் பதிலாக அது வலுவாக இருந்தது.

2020 ஜனவரி 25 இரவு லெப்ரான் ஜேம்ஸ், அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் மொத்தப் புள்ளிகள் பட்டியலில் கோபி பிரையன்டைத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்தார். கோபி அன்றிரவே ட்விட்டரில் அவரை வாழ்த்தினார். மறுநாள் காலை கலிபோர்னியாவின் கலாபசாஸ் மலைச்சரிவில் ஹெலிகாப்டர் நொறுங்கி, 41 வயது கோபியும் 13 வயது மகள் ஜியானாவும் இறந்தார்கள். 2022 மார்ச் 4இல் ஷேன் வார்ன், முன்னாள் விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் காலமான செய்திக்கு இரங்கல் பதிந்தார். அதே நாளில் தாய்லாந்தின் கோ சமுய் தீவில் மாரடைப்பு வந்து அவரே போய்விட்டார். வயது 52. இரண்டிலும் கடைசிச் சொல் இன்னொருவரைப் பற்றியது, வெகு சாதாரணமானது. அந்தச் சாதாரணம்தான் தாங்க முடியாததாகிறது. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர்!

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டென்று எல்லோரும் சொல்கிறோம். எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, தங்கள் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால் தங்கிவிட்டவர்களின் துயரத்துக்கு அதை அளவுகோலாக்கியது பிறகு வந்த வழக்கம். யாரும் வரிசையாகப் படியேறித் துக்கத்தைக் கடப்பதில்லை. பழைய ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறையும். இரண்டு வாரம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, புதிய சீசனின் முதல் நாள் அணிப்பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததைக் கண்டதும் மொத்தமாக வந்து மோதும்.

சரி, இந்தத் துயரத்தை என்ன செய்வது? நம் பழைய கவிதை மரபில் இதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. செயலற்று நிற்கும் நிலை. கை இருந்தும் செய்ய ஒன்றுமில்லை. ரசிகரின் நிலை அதைவிட மோசம், பாடை தூக்கவும் அவருக்கு இடமில்லை. ஆனால் எனக்கு வியப்பு என்னவென்றால், விளையாட்டு உலகம் அந்தக் கையறுநிலைக்குத் தன் சொந்தப் பொருட்களைக் கொண்டே சடங்கு செய்து கொடுத்துவிடுகிறது. ஓவர், நிமிடம், எண், கோடு, கடிகாரம், மட்டை. ஹியூஸ் இறந்த நாளில் சிட்னிக்காரர் ஒருவர் தன் மட்டையை வெளியே சாய்த்துவைத்துப் படமெடுத்துப் போட்டார். ஒன்றிரண்டு நாளில் உலகம் முழுக்க எத்தனையோ வாசல்களில் மட்டைகள் சாய்ந்து நின்றன. யாரும் கட்டளையிடவில்லை. ஆட வேண்டியவன் இல்லாததால் சும்மா நிற்கும் மட்டை, பார்த்தவுடன் புரிகிறது.

கோபி இறந்த அன்று சான் அன்டோனியோவில் ஸ்பர்ஸ் அணிக்கும் டொரண்டோ ராப்டர்ஸுக்கும் ஆட்டம். செய்தி வந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆட்டம் தொடங்கியதும் பந்தைப் பிடித்த டொரண்டோ வீரர் நடுக்கோட்டருகே அதைத் தட்டிக்கொண்டே நின்றார். யாரும் தடுக்க வரவில்லை. கடிகாரம் 24இலிருந்து இறங்குகிறது. பார்வையாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று கோபியின் பெயரைச் சொல்லத் தொடங்குகிறார்கள். பூஜ்யம். ஹாரன். அடுத்து ஸ்பர்ஸ் கையில் பந்து. அவர்களும் அப்படியே நின்றார்கள், மறுபடி 24 நொடி. 24 கோபியின் சட்டை எண். இதே டொரண்டோ அணிக்கு எதிராகத்தான் 2006இல் ஒரே ஆட்டத்தில் அவர் 81 புள்ளி எடுத்தார். அன்று அவரைத் தடுக்க முடியாமல் திணறிய அணியின் சட்டை, இன்று அவருக்காகத் தானாகவே தவறிழைத்து நிற்கிறது. மௌன அஞ்சலிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆட்டத்தை நடத்துவதா நிறுத்துவதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஹியூஸ் இறந்தபோது நியூசிலாந்து, பாகிஸ்தானுக்கு எதிராக ஷார்ஜாவில் மூன்றாவது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் ஆட்டத்தை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். மறுநாள் ஆடத்தான் வேண்டும் என்றானபோது, நியூசிலாந்து வீரர்களுக்கு அதில் மனமே இல்லை. ஹியூஸோடு ஆடிய, பழகிய பலர் அந்த அணியில் இருந்தார்கள். களமிறங்கினார்கள். பவுன்சர் போடவில்லை. விக்கெட் விழுந்தால் கொண்டாடவில்லை. மார்க் கிரெய்க் முதல் இன்னிங்ஸில் மொத்தம் 7 விக்கெட் எடுத்தார், அன்று விழுந்த விக்கெட்டுகளுக்கு யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. பிறகு பேட்டிங். கேப்டன் பிரெண்டன் மெக்கல்லம் 202. அணி 690. இன்னிங்ஸ் வெற்றி. வெற்றி தோல்வி எதுவும் பொருட்டில்லை என்றாகிவிட்ட மனநிலையில் ஆடிய ஆட்டம் அது. 2016இல் லார்ட்ஸில் ஆற்றிய உரையில் மெக்கல்லம் அந்த நாட்களைப் பற்றி விரிவாகப் பேசினார். யார் எப்படித் துக்கப்பட வேண்டும் என்று யாருக்கும் விதிக்காமல் விட்டதையும், அதற்குப் பிறகு தங்கள் அணி ஆட்டத்தை எடுத்துக்கொண்ட விதமே மாறியதையும் சொன்னார்.

இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடையொன்று மான்செஸ்டரில் இருக்கிறது. 1958 பிப்ரவரி 6, மியூனிக்கில் விமானம் விழுந்து 23 பேர் இறந்தார்கள். 8 பேர் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி வீரர்கள். அவர்களில் எட்டாமவரான டங்கன் எட்வர்ட்ஸ் மருத்துவமனையில் இன்னும் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 19, யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் ஷெஃபீல்ட் வென்ஸ்டேயோடு ஆட்டம். வாசலில் விற்ற கையேட்டில் வென்ஸ்டேயின் 11 பெயர்களும் அச்சாகியிருந்தன. எதிர்ப்பக்கத்தில் யுனைடெட்டுக்கு 11 வெற்றிடங்கள். அச்சுக்குப் போகும்போது யார் ஆடப்போகிறார்கள் என்று யாருக்குமே தெரியாது. வழக்கமாக ரசிகர்கள் பேனாவால் மாற்றங்களைக் குறித்துக்கொள்ளும் தாள் அது. அன்று வெறுமையாக இருந்த இடத்தில் புதுப் பெயர்களை எழுத வேண்டியிருந்தது. யுனைடெட் 3-0 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து எட்வர்ட்ஸும் போனார். அவருக்கு வயது 21.

இதுவரை சொன்னது துக்கத்தின் அழகான பக்கம். அது தடம் புரளும் இடங்களும் உண்டு. ரசிகரின் துக்கம் உண்மையானதுதான். ஆனால் அது முதல் வரிசைத் துக்கம் கிடையாது. முன்னால் வேறு சிலர் நிற்கிறார்கள். அவர்களை மறைத்துக்கொண்டு நாம் அழுதுவிடக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்காகும் என்று நினைக்கிறேன்.

ஹியூஸ் விஷயத்தில் அந்த முன்வரிசையில் ஒரு 22 வயதுப் பையன் இருந்தார். பந்து வீசிய ஷான் அபோட். விதிக்கு உட்பட்ட, எந்த வேகப்பந்து வீச்சாளரும் நாளொன்றுக்குப் பலமுறை வீசும் பந்து. உலகத்தின் துக்கம் மொத்தமும் அவர் பக்கம் கோபமாகத் திரும்பியிருக்க முடியும். திரும்பவில்லை, அதற்குக் காரணம் முன்வரிசையில் இருந்தவர்கள். மருத்துவமனைக்கு வந்த அபோட்டிடம் ஹியூஸின் சகோதரியே வந்து பேசிக்கொண்டிருந்தார். ரசிகர்கள் ஹியூஸுக்கு எழுதிய அதே மூச்சில் அபோட்டுக்கும் எழுதினார்கள். டிசம்பர் 3இல் ஹியூஸின் சொந்த ஊரான மேக்ஸ்வில்லில் நடந்த இறுதிச் சடங்குக்கு அபோட் வந்தார். ஒரு வாரம் கழித்து அதே சிட்னி மைதானத்தில் மீண்டும் பந்தைக் கையிலெடுத்தார். குயின்ஸ்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தின் கடைசி நாளில் 14 ரன்னுக்கு 6 விக்கெட். அந்தக் கைகள் நடுங்காமல் இருந்திருக்குமா? எனக்குத் தெரிந்து ஹியூஸுக்குச் செய்த அஞ்சலிகளில் பெரியது, அபோட்டைக் குற்றவாளியாக்காமல் விட்டதுதான். 2016இல் விசாரணை நடத்திய நீதிமன்றமும் இது விபத்து, யார் மீதும் பழியில்லை என்றே முடித்தது.

மறக்கப்பட்டவர்கள் இன்னொரு வரிசை. 1994 மே 1, இத்தாலியின் இமோலாவில் நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் பிரேசில் ஓட்டுநர் அயர்டன் சென்னா இறந்தார். பிரேசில் மூன்று நாள் தேசிய துக்கம் அறிவித்தது. சாவோ பாவ்லோ வீதிகளில் திரண்ட கூட்டம் லட்சங்களில். அதற்கு முந்தைய நாள், அதே தடத்தில், தகுதிச் சுற்றில் ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்திருந்தார். ஃபார்முலா ஒன்னில் அவருக்கு அதுதான் முதல் வருடம். அவர் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? ஆனால் சென்னா மறக்கவில்லை. நொறுங்கிய காரிலிருந்து அவரை எடுத்தபோது உள்ளே சுருட்டிய ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்தது. வென்றால் ராட்சன்பெர்கருக்காக உயர்த்திக் காட்டவென்று எடுத்து வைத்தது. உலகமே சென்னாவின் இறுதிச் சடங்குக்குப் போனபோது, பந்தய அமைப்பின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி ராட்சன்பெர்கரின் சடங்குக்குப் போனார். எல்லோரும் அங்கே போனார்கள், யாராவது ஒருவர் இங்கேயும் போக வேண்டும் அல்லவா என்பது பின்னாளில் அவர் சொன்ன காரணம். மோஸ்லியைப் பற்றி விமர்சனம் நிறைய உண்டு; இந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கிறேன். கலாபசாஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் மொத்தம் 9 பேர். கோபியையும் ஜியானாவையும் தவிர மற்ற 7 பேருக்கும் வீடு இருந்தது, அழ ஆள் இருந்தது. அதில் மூவர் ஒரே குடும்பத்தின் அப்பா, அம்மா, மகள்.

அடுத்தது செய்தி. கோபியின் மரணச் செய்தி, குடும்பங்களுக்கு அதிகாரிகள் முறைப்படி சொல்வதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. கணவன் இறந்ததைக் கைபேசியில் வரும் இரங்கல் வரிகளிலிருந்து ஒரு மனைவி தெரிந்துகொள்வது எப்படிப்பட்ட கொடுமை! அதற்குப் பின் விபத்து இடத்தில் எடுத்த படங்களைப் பணியில் இருந்தவர்களே தங்களுக்குள் பகிர்ந்துகொண்டது வெளியானது. வழக்கு நடந்து, 2022 ஆகஸ்டில் நடுவர் குழு கோபியின் மனைவிக்கு 1.6 கோடி டாலரும், மனைவியையும் மகளையும் அதே விபத்தில் இழந்த இன்னொருவருக்கு 1.5 கோடி டாலரும் இழப்பீடு வழங்கச் சொன்னது. அப்படிப் படமெடுப்பதைக் குற்றமாக்கி கலிபோர்னியா 2020இலேயே சட்டம் போட்டுவிட்டது. சட்டம் பணியாளர்களைத் தடுக்கும். நம் கைக்கு வரும் வீடியோவை நாம் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பது நம் பொறுப்பு. அன்பினால்தான் அனுப்புகிறோம் என்று தோன்றும். அதை ஒருநாள் அவர் பிள்ளை பார்க்க நேரிடும்.

பார்வையைத் திருப்பிக்கொள்வதும் மரியாதைதான் என்பதை 2021 ஜூன் 12 அன்று டென்மார்க் கால்பந்து வீரர்கள் காட்டினார்கள். பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். சக வீரர்கள் சுற்றி வளையமாக நின்றார்கள். முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, முதுகை அவர் பக்கம் காட்டி. கேமரா அவரைப் பார்க்க முடியாதபடி உடம்பாலேயே சுவர். சிலர் அழுதுகொண்டே நின்றார்கள். உள்ளே மருத்துவர்கள் மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து, உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2003இல் கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ பிரான்ஸின் லியோன் நகர மைதானத்தில் இதேபோல் விழுந்தபோது காப்பாற்ற முடியவில்லை. வயது 28. இதயத் தசை தடித்துப்போகும் நோய் அவருக்கு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஃபோவைப் போலப் போனவர்களின் சாவுகள், கால்பந்து மைதானங்களில் மருத்துவ ஏற்பாட்டை இறுக்கிக்கொண்டே வந்தன. எரிக்சன் உடம்பில் இதயக் கருவியோடு 2022இல் மீண்டும் களத்துக்கு வந்தார்.

துக்கம் விதியாக மாறும் இந்த வழி எனக்கு ஆறுதல் தருகிறது. இமோலாவுக்குப் பின் தடங்களும் கார்களும் அடியோடு மாறின. அடுத்த 20 ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எந்த ஓட்டுநருக்கும் உயிர்போகும் விபத்து நேரவில்லை, 2014இல் சுசூகாவில் ஜூல் பியாங்கி மோதும்வரை. கிரிக்கெட்டில் தலையில் அடிபட்டவருக்கு மாற்று வீரரை இறக்கும் விதியைச் சர்வதேசக் கவுன்சில் 2019இல் கொண்டுவந்தது. கழுத்துக் காப்பை 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது. நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு: அன்று இருந்த மிகப் புதிய ஹெல்மெட்டை அணிந்திருந்தாலும் ஹியூஸுக்குப் பந்து பட்ட இடம் மறைந்திருக்காது என்றே விசாரணையில் தெரிந்தது. "மட்டும் போட்டிருந்தால்" என்று நாம் இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசிக்கும் யோசனைகளில் பல, நடந்ததை மாற்றியிருக்காது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு வார்த்தை. பல குழந்தைகளுக்கு வாழ்க்கையில் வரும் முதல் சாவே சுவரில் ஒட்டிய படத்தில் இருப்பவருடையதாக இருக்கும். "விளையாட்டுதானே, விடு" என்று சொல்லிவிடாதீர்கள். பேசவிடுங்கள். பிடித்த ஆட்டத்தைச் சேர்ந்து பாருங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் குலைந்து கிடந்தால், பெரியவரானாலும் குழந்தையானாலும், அடியில் வேறு பழைய துயரம் ஏதோ கிளறப்பட்டிருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறந்துவிட வேண்டும், தாண்டிப் போய்விட வேண்டும் என்ற பழைய அறிவுரையை ஆய்வாளர்கள் பலரும் கைவிட்டுவிட்டார்கள். இறந்தவரோடு உறவு அறுவதில்லை, வேறொரு வடிவம் எடுக்கிறது என்பதே 1990களிலிருந்து வலுப்பெற்ற கருத்து. ஹியூஸ் போன பிறகு நடந்த முதல் டெஸ்டில், அடிலெய்டில், ஆட்டத்துக்கு முன் 63 நொடி கைதட்டினார்கள். அணிப்பட்டியலில் 13ஆவது ஆளாக அவர் பெயரைச் சேர்த்தார்கள். டேவிட் வார்னர் 63ஐத் தொட்டதும் மட்டையை வானத்தை நோக்கி உயர்த்தினார். சிட்னியில் ஹியூஸ் விழுந்தபோது அவர் அங்கே களத்தில் இருந்தவர். அடிலெய்டு டெஸ்டுக்கு ஆறு நாள் முன்பு மேக்ஸ்வில்லில் கேப்டன் மைக்கேல் கிளார்க், குரல் உடைந்து உடைந்து, தன் இரங்கல் உரையைத் தம்பி என்று விளித்து முடித்தார். அண்ணனா தம்பியா என்று என்னைக் கேட்டவரை அன்று நினைத்துக்கொண்டேன்.

2025 ஜூலை 3 நள்ளிரவு தாண்டி, ஸ்பெயினின் சமோரா பகுதி நெடுஞ்சாலையில் கார் விபத்தில் போர்ச்சுகல் கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டா இறந்தார். 28 வயது. திருமணமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கூடவே தம்பி ஆந்த்ரே சில்வாவும்; அவரும் கால்பந்து வீரர், 25 வயது. மறுநாள் ஃப்ளோரிடாவில் அல் ஹிலால் அணிக்காக ஆடிய ரூபன் நெவெஸ், மௌன அஞ்சலியின்போது தேம்பினார். ஆட்டம் முடிந்ததும் கடல் தாண்டிப் பறந்து போர்ச்சுகலின் கோண்டோமாருக்கு வந்து, நண்பனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். லிவர்பூல் கிளப் ஜோட்டாவின் 20ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தது. லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 20ஆவது நிமிடத்தில் அரங்கமே எழுந்து பாடுகிறது. போர்ச்சுகல் அணியில் ஜோட்டாவின் எண் 21. அவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை, நெவெஸிடம் கொடுத்தார்கள். அக்டோபர் 11, லிஸ்பன், அயர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். ரொனால்டோவின் பெனால்டியும் தடுக்கப்பட்டுவிட்டது. 90 நிமிடம் கடந்தும் கோல் இல்லை. வலப்பக்கத்திலிருந்து வந்த பந்தை நெவெஸ் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். நாட்டுக்காக அவர் போட்ட முதல் கோல். முதுகில் 21.